தலை சாய்ந்த படங்கள்

எனக்கும் என் கணவருக்கும் போனில் நடந்த சண்டைகளில் பாதி, பிள்ளைகளின் போட்டோவைப் பற்றியவை. அவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். நான் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எங்களுக்கு இரண்டு பெண்கள். நான் சொல்லப்போகும் காலத்தில் பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவள் எல்.கே.ஜி.

காலையில் ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால் இருவரையும் கேட் ஓரமாக நிறுத்தி ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுவேன். யூனிபார்ம், ரிப்பன், தோளில் பை, கழுத்தில் ஐ.டி. கார்டு. "சிரிங்க" என்பேன். பல்லைக் காட்டுவார்கள். பட்டனை அழுத்திவிட்டு, வேனில் ஏற்றிவிட்டு, நான் வேலைக்குக் கிளம்புவேன். கடையில் போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"எல்லா போட்டோவும் ஒரே மாதிரி இருக்கும்மா. நேத்து அனுப்புனதா இன்னைக்கு அனுப்புனதான்னே தெரிய மாட்டேங்குது."

"யூனிபார்ம் ஒண்ணுதானங்க. தெனத்துக்கும் வேற வேற உடுப்பா மாட்டி விட முடியும்?"

"நான் உடுப்பச் சொல்லல, மூஞ்சியச் சொல்றேன். ஆதார் கார்டுக்கு எடுத்தாப்புல நிக்கிதுக ரெண்டும். வீட்டுக்குள்ள எப்படி இருக்குதுக, என்ன பண்ணுதுக, அதெல்லாம் எடுக்க மாட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. சமையல், வேலை, ஹோம்வொர்க், இதற்கு மேல் போட்டோகிராபர் வேலையும் நான்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். நாலைந்து நாள் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது விஷயம் வெளியே வந்தது. அவர் தங்கியிருக்கும் ரூமில் இருப்பவர்கள் எல்லாருமே பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். வேலை முடிந்து வந்ததும் அவரவர் போனை அடுத்தவரிடம் காட்டுவார்களாம். ஒருவர் எங்கள் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்யா, ஒன் புள்ளைங்க எப்பவும் பயந்தாப்புலயே நிக்கிதுக?" என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் அவருக்கு அது மனதில் தங்கிவிட்டது. அவர் சொன்ன பிறகு எனக்கும் தங்கிவிட்டது.

மெடிக்கலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் இருக்காது. கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தைகளை எப்படிப் படமெடுப்பது என்று வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் வெள்ளைத் திரைச்சீலை தொங்கும் பெரிய வீடுகளில் எடுத்தவை. எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மோட்டார் ரூம்தான் தெரியும். அதனால் அவர்கள் சொன்னதில் எங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் பிளாஷை அணைத்தேன். பிறகு, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து எடுக்கச் சொன்னார்கள். நான் அதுவரை நின்ற வாக்கில்தான் எடுத்திருந்தேன். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதற்கும், பயந்தவர்கள் போலத் தெரிந்ததற்கும் அதுதான் காரணம் போலிருக்கிறது.

ஹாலில் முதல் தடவை மண்டி போட்டு உட்கார்ந்தபோது, சின்னவள் உப்புமூட்டை தூக்கத்தான் குனிகிறேன் என்று நினைத்து ஓடிவந்து முதுகில் ஏறிக்கொண்டாள். இறக்கிவிட்டால் மறுபடி ஏறினாள். அன்று கிடைத்ததெல்லாம் தரை, கட்டில் கால், பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பாதி முகம். அழிக்கப் போனவள், அந்தப் பாதி முகத்தை மட்டும் அவருக்கு அனுப்பினேன். "இது எப்ப எடுத்த?" என்று உடனே கேட்டு எழுதியிருந்தார்.

வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. எங்கள் ஊர் வெயிலில் பகல் பொழுது யாரை நிறுத்தினாலும் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழும். வீட்டுக்குள் டியூப்லைட்டில் முகம் சோகை பிடித்தது போல் இருக்கும். கடைசியில் சமையல்கட்டின் பின்வாசல்தான் சரியாக வந்தது. எதிரே பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் வாசல்படியில் மெதுவாக விழும். அங்கே உட்கார்ந்தால் யார் முகமும் தெளிவாக இருந்தது. கூடவே காஸ் சிலிண்டர், மாப், காயப்போட்ட துணி எல்லாமும் படத்துக்குள் வந்தன. எதையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலே சிலிண்டர் மறைந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

சிரிக்கச் சொல்வதையும் நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். பூண்டு உரிப்பது, வாட்டர் பாட்டில் நிரப்புவது, புதன்கிழமைக்கான வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. வேலையில் இறங்கியதும் என்னை மறந்துவிடுவார்கள். பெரியவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, நாக்கு நுனியை உதட்டோரம் நீட்டியபடி ஷூவுக்கு வெள்ளை தடவும் படம் ஒன்று அப்படிக் கிடைத்தது. விரலெல்லாம் வெள்ளை. அதை அவருக்கு அனுப்பினேன். பிறகு குரல் பதிவு வந்தது. சிரித்துக்கொண்டே, "நாக்கத் துருத்திக்கிட்டு வேல பாக்குறா பாரு, அப்படியே எங்க ஆத்தா" என்றார். அவருடைய அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டவர். நான் பார்த்ததில்லை.

எனக்கும் அது பிடித்துப்போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். வேலைகளுக்கு நடுவே அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வீடியோவில், கேமராவில் கட்டக் கோடுகளை ஆன் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் வரும். படத்தில் அவை விழாது, எடுப்பவருக்கு மட்டும் தெரியும். கதவு நிலையை நெடுங்கோட்டோடு பொருத்தினால் படம் கோணாது. நானும் பின்வாசல் நிலையைக் கோட்டோடு பொருத்தி எடுக்கப் பழகினேன்.

அப்போதுதான் பெரியவளின் தலை கண்ணில் பட்டது. நிலை நேராக இருக்கும். தோள் நேராக இருக்கும். தலை மட்டும் அவளுடைய இடது தோள் பக்கம் சாய்ந்திருக்கும். முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அவருக்கு அனுப்புவதற்காகப் படங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். சின்னவளின் தலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் இருந்தது. பெரியவளின் தலை எல்லாவற்றிலும் ஒரே பக்கம். சாப்பிடும்போதும், எழுதும்போதும், டி.வி. பார்க்கும்போதும்.

அவள் தலை சாய்த்து நிற்பாள் என்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. அவளுடைய கிளாஸ் டீச்சர் ஆண்டு விழாவில், "ஒங்க பொண்ணு நிக்கிறதே ஒரு ஸ்டைலுங்க" என்று சொல்லியிருக்கிறார். என் நாத்தனார் அவளைக் "கல்யாணப் பொண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். பிள்ளையின் ஒயில் என்று எல்லாரும் ரசித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவளைப் பின்வாசல் நிலைக்கு நடுவில் நிறுத்தினேன்.

"தலைய நேரா வையி."

வைத்தாள். கண் இரண்டும் லேசாகச் சுருங்கின. நான் பட்டனை அழுத்துவதற்குள் தலை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"ஏய், நேரா வையின்னா."

மறுபடி வைத்தாள். மறுபடி சாய்ந்தது. நான் எழுந்து போய் முகவாயைப் பிடித்து நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா. நேரா வச்சா நீ ரெண்டாத் தெரியிற."

"என்னது?"

"ஒன் தலைக்கு மேல இன்னொரு தல தெரியுது."

"சாய்ச்சா?"

"சாய்ச்சா ஒண்ணாயிரும்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"எப்பயுமே அப்படித்தான்." என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏன், ஒனக்கு அப்படி இல்லையா?"

தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னாள். புகாரோ பயமோ அதில் இல்லை. இல்லையென்று தலையாட்டினேன். போய் விளையாடச் சொன்னேன்.

மெடிக்கலில் வேலை பார்ப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. பொருள் இரட்டையாகத் தெரிகிறது என்றால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று படித்தது கொஞ்சம் நினைவில் இருக்கும். அதில் பாதி, நினைக்கவே வேண்டாதவை. போனில் தேடிப் பார்த்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடினேன். அன்றைக்கு மீன் வாங்கியிருந்தேன், அதைக் கழுவினேன்.

கணவரிடம் சாயங்காலம் சொன்னேன்.

"நான் கெளம்பி வரவா?" என்றார்.

"வந்து என்ன பண்ணப் போறீங்க? மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுறேன். இருங்க."

"எங்கிட்டாச்சும் நல்ல டாக்டராப் பாரு. நம்மூர்லயே காட்டிக்கிட்டு இருக்காத."

கழுத்தில் ஏதாவது பிசகாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் முதலில் புதுக்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். வயதானவர். அவளுடைய தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினார், சாய்த்தார், கழுத்து நரம்பைத் தடவிப் பார்த்தார். எல்லாம் தடையில்லாமல் அசைந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினார். "எதிர்க்க இருக்குற காலண்டரப் பாரு பாப்பா" என்றார். அவள் பார்த்தாள். யாரும் சொல்லாமலே தலை நேராக நிமிர்ந்து நின்றது. கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது.

"கழுத்துல ஒண்ணும் இல்லைம்மா. இது கண்ணு சமாச்சாரம். திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

என் அக்கா கீரனூரில் இருக்கிறாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு அவள் வீட்டுக்குப் போய்த் தங்கி, சின்னவளை அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளி காலையில் நானும் பெரியவளும் திருச்சி பஸ் ஏறினோம். வேலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு சீட்தான் கிடைத்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய தலையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வேகமாகப் பேசினார். டார்ச்சை மேலும் கீழும் அசைத்து, அவளைப் பார்வையால் தொடரச் சொன்னார். எதையோ எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பாப்பாவோட சின்ன வயசு போட்டோ இருக்கா?"

மருந்துச் சீட்டைக் கேட்பார், ரத்தப் பரிசோதனை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். போட்டோவை எதிர்பார்க்கவில்லை. போனை நீட்டினேன். பின்வாசல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அவர் வரிசையாகத் தள்ளினார்.

"நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா இதெல்லாம் இப்ப எடுத்தது. ஒரு வயசு, ரெண்டு வயசுல எடுத்தது இல்லையா?"

"முதல் பிறந்த நாளுக்கு ஸ்டுடியோவுல எடுத்தது வீட்டுல பிரேம் போட்டு மாட்டியிருக்குங்க மேடம்."

"ஸ்டுடியோ போட்டோ உதவாதும்மா. அவங்க தலையப் புடிச்சு நேரா வச்சுத்தான் எடுப்பாங்க. சும்மா வீட்டுல எடுத்தது, சரியா வரலன்னு விட்டுட்டது, அந்த மாதிரி இருந்தாச் சொல்லுங்க. சின்னதுலேர்ந்தே சாய்ச்சிருந்தா ஒரு வழி. சமீபத்துல ஆரம்பிச்சிருந்தா, மண்டைக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் பேசணும்."

அந்தக் காலத்துப் படங்கள் இருந்த போன் எப்போதோ கெட்டுப்போய்விட்டது. புதுப் போனுக்கு மாறும்போது நல்லதாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அவற்றில் பெரும்பாலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. தூக்கக் குரலில் எடுத்தார்.

"என்னாச்சு?"

"டாக்டர் பழைய போட்டோ கேக்குறாங்க. இவ கைப்புள்ளையா இருந்தப்ப அனுப்புனது ஏதாச்சும் ஒங்ககிட்ட இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"எல்லாம்னா?"

"நீ அனுப்புனது ஒண்ணயும் நான் அழிச்சதில்லம்மா. போன் மாத்துறப்பல்லாம் மெமரி கார்டுல ஏத்தி வச்சுக்குவேன்."

"மங்கலா வந்ததுகூடவா?"

"அதுந்தான். இரு, அனுப்புறேன்."

கொஞ்ச நேரத்தில் என் கைக்குள் போன் அதிர ஆரம்பித்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்து தண்ணீரை அடிக்கிறாள். மொட்டை போட்ட தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. ஏதோ கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிறாள். ஒரு படத்தில் மூலையை என் விரல் மறைத்திருந்தது. இன்னொன்றில் முகம் அசைந்து புகை மாதிரி இருந்தது. இதையெல்லாம் நான்தான் எடுத்தேனா என்று தோன்றியது. அந்த நாட்களில் பார்க்காமலே எடுத்து, பார்க்காமலே அனுப்பியிருக்கிறேன்.

நான் பார்த்தவற்றில் எல்லாம் தலை இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. மொட்டைத் தலையில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

பெரியவளும் என் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "இது யாரும்மா? நானா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

டாக்டர் மறுபடி கூப்பிட்டபோது போனை அப்படியே கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றில் மட்டும் நின்றார். அதில் தலை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது செல்ஃபியா?"

பார்த்தேன். ஓரத்தில் என் தோளும் காதும் இருந்தன. ஆமாம் என்றேன்.

"அப்பச் சரி. செல்ஃபில இடம் வலமா மாறித் தெரியும்." போனை என்னிடம் கொடுத்தார். "உக்காரப் பழகுன நாள்லேர்ந்தே சாய்ச்சிருக்கா. பிறவியிலேயே கண்ணைப் பிடிச்சு வைக்கிற ஒரு தசை பலம் கம்மி. புதுசா வந்ததில்லம்மா. பயப்பட வேண்டாம்."

பிறகு பெரியவளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அவள் எப்போதும் சாய்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்தார். "இப்பப் பாருங்க" என்றார். வலது கண்ணின் கருவிழி தானாக மேலே ஏறிப் போயிற்று. இடது கண் இருந்த இடத்திலேயே இருந்தது. எட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம். அந்தக் கண்ணை அப்படி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"இப்படி ஆயிரக்கூடாதுன்னுதான் பாப்பா தலையச் சாய்ச்சு சமாளிச்சுக்கிட்டு இருந்திருக்கா. கெட்டிக்காரி. கோடை லீவுல ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிரலாம்."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, பசித்தது. கேன்டீனில் பொங்கல் வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"அம்மா, எல்லாருக்கும் சாய்க்காமயே ஒண்ணாத்தான் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கழுத்தே வலிக்காதுல்ல?"

அவளுக்குக் கழுத்து வலித்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வலிக்காது என்றேன். வடையையும் அவள் பக்கம் தள்ளினேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணவர் கூப்பிட்டார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் பேசியது இப்போதும் நினைவிருக்கிறது.

"அந்தப் போட்டோவெல்லாம் நான் எத்தன தடவ பாத்திருப்பேன் தெரியுமா? சாஞ்சிருக்குன்னு எனக்குத் தோணவேயில்லம்மா. எனக்கு அவ மூஞ்சியே அதான்."

மே மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் அக்கா கூட இருந்தாள். மயக்க ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். கட்டைப் பிரித்தபோது வெள்ளை விழி குங்குமம் கொட்டியது போலச் சிவந்திருந்தது. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "போட்டோ எடுக்காத."

அவர் கேட்டார். ஒரே ஒரு படம், கண் எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும் என்றார். அவள் முடியாது என்றாள். வீடியோ காலும் வேண்டாம் என்றாள். குரலில் மட்டும் பேசினாள்.

"அப்பாகிட்டகூடக் காட்ட மாட்டியா ஆத்தா?"

"செவப்பு போகட்டும்ப்பா."

"சரி. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப அனுப்பு."

அந்த நாட்களில் அவருக்குச் சின்னவளின் படங்கள் மட்டும்தான் போயின. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அவள் மாட்டிக்கொண்டு விதவிதமாக நின்று கொடுத்தாள்.

கண் சரியாகிவிட்டாலும் கழுத்துக்குப் பழைய பழக்கம் போகவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையை நேராக வைத்துப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பீரோ கண்ணாடி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லுவாள். பதிமூன்றாம் வாய்ப்பாடு தடுமாறும் இடத்தில் தலையும் சாயும். "தல" என்பேன். நிமிர்த்திக்கொள்வாள். ஸ்கூல் திறப்பதற்கு முன் ஒரு காலையில் அவளே பின்வாசலுக்கு வந்து, "இப்ப எடு" என்றாள். எடுத்தேன். நேராக, அமைதியாக, கேமராவைப் பார்த்தபடி நின்றாள். அவருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார்.

"யாரோ வீட்டுப் புள்ள மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு அவரே அவசரமாக, "நல்லாருக்கும்மா, நல்லாருக்கு. பழகணும்ல" என்றார்.

நான் அவரிடம் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. சமையல்கட்டிலிருந்து சட்டென்று திரும்பிப் பார்க்கும்போது, ஹாலில் உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்று ஒரு கணம் தோன்றும். டாக்டருக்கு நன்றியாகவும் இருக்கும், அந்தச் சாய்வு எங்கே போயிற்று என்றும் இருக்கும். சில மாதங்கள் அப்படியே போயின. பிறகு எப்போது பழகியது என்று தெரியவில்லை. இப்போது பழைய படங்களைப் பார்த்தால் அந்தப் பிள்ளைதான் யாரோ போல இருக்கிறது. மிகவும் களைத்துப்போன நாட்களில் மட்டும், சாப்பிடும்போது, தலை லேசாக அந்தப் பக்கம் போகும்.

வருஷக் கடைசியில் அவர் லீவில் வந்தார். பெரியவளைப் பார்த்ததும் கண்ணைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் திகைத்தது அவளுடைய உயரத்தைப் பார்த்து.

"என்னடி இது, நெஞ்சு ஒசரத்துக்கு வந்துட்டா! போட்டோல தெரியவே இல்லையே?"

உண்மைதான். நான் மண்டி போட்டு அவள் முகத்துக்கு நேராகவே எடுத்துப் பழகியிருந்தேன். அப்படி எடுத்தால் மூன்று வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே உயரம்தான். கேட் ஓரம் நிறுத்தி எடுத்த காலத்தில் மதில் சுவரை வைத்தாவது அவர் கணக்குப் பார்த்திருப்பார். அடுத்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது யூனிபார்ம் துணி எடுத்துவந்தார்.

அவர் திரும்பிப் போன பிறகு பெரியவள் எனக்குச் சில நிபந்தனைகள் போட்டாள். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை அவளிடம் காட்ட வேண்டும். அப்பாவுக்கு அனுப்பலாம், ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. பெரியம்மாவுக்கு அனுப்பக் கூடாது, அவள் ஊர் முழுக்கக் காட்டிவிடுவாள். நான் ஒத்துக்கொண்டேன். ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம், மொட்டை மாடியில் ஈரத் துணியை எடுத்துக்கொண்டிருந்தவளை, அவளிடம் கேட்டுவிட்டுத்தான், எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று நினைக்கிறேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"பல்லு தெரியுது" என்று சொல்லி அழித்துவிட்டாள்.

"நல்லாத்தானடி இருந்துச்சு?"

"ஒனக்கு நல்லாருக்கு."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. சின்னவள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்னும் எந்த நிபந்தனையும் போடவில்லை.

இப்போது நான் படம் எடுப்பது குறைந்துவிட்டது. அவரும் கேட்பதில்லை. சாயங்காலத்தில் என் போனை வாங்கிப் பெரியவளே அவருக்கு ஏதாவது எடுத்து அனுப்புகிறாள். தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் தோசை, நோட்டின் பின்னட்டையில் கிறுக்கியிருந்த ஏதோ பெயர், தூங்கும் தங்கையின் கால், மதில்மேல் வந்து உட்காரும் ஒரு காக்கா. பெரும்பாலும் அசைந்து போயிருக்கும். அவர் எல்லாவற்றுக்கும் "சூப்பர் ஆத்தா" என்று பதில் அனுப்புகிறார்.